நீல சாக்ஸ் குடுத்த அண்ணனுக்கு

அண்ணா, உங்க பேர் கேக்காம விட்டுட்டேன், அதான் இங்க எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை பவர்லிஃப்டிங் (வெயிட் தூக்குற) போட்டில 83 கிலோ கேட்டகிரில மொட்டத்தலையோட தனியா உக்காந்திருந்தேனே, அந்த ஆர்மிக்காரன் நான்தான்.

ஜம்முல இருந்து லீவுல ட்ரெயின் ஏறி வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு. யூனிட்ல பிபிஇடின்னு ஒரு டெஸ்ட், ரைஃபிள், பேக் எல்லாம் மாட்டிக்கிட்டு 5 கிலோமீட்டர் ஓடணும், அதுக்கு ஓடுனா ஸ்குவாட் (தோள்ல வெயிட்ட வச்சு உக்காந்து எந்திரிக்கிறது) குறையும், ஸ்குவாட் ஏத்துனா ஓட்டம் படுத்துரும், இதுல நைட் ட்யூட்டி வேற, தூக்கம்லாம் கேக்கவே கேக்காதீங்க. எப்படியோ போட்டிக்கு எடை பாக்கும்போது 82.6 கிலோ காட்டுச்சு, கேட்டகிரிக்குள்ள வந்துட்டேன்.

ஆனா டெட்லிஃப்ட்டுக்கு (தரையில இருந்து வெயிட்ட தூக்குறது) முட்டி வரைக்கும் சாக்ஸ் கண்டிப்பா போடணும்ல, அத பேரக்லயே விட்டுட்டு வந்துட்டேன். ஆர்மி சாக்ஸ் பாதி காலுக்குத்தான் வருது. நீங்க உங்க லிஃப்ட முடிச்ச கையோட கால்ல கிடந்தத கழட்டி "போடு தம்பி, நாத்தம் அடிக்கும், பரவால்ல"ன்னு குடுத்தீங்க. (அடிச்சுதுண்ணா, பொய் சொல்ல மாட்டேன்.)

அதோட விட்டீங்களா, ஒவ்வொரு அட்டெம்ப்ட்டுக்கும் அப்புறம் ஒரு நிமிஷத்துக்குள்ள அடுத்த வெயிட்ட டேபிள்ல சொல்லணும், நான் மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன், நீங்களே ஓடிப்போய் சொன்னீங்க. நான் 240 கேட்டேன், நீங்க 237.5 குடுத்தீங்க. அப்ப கடுப்பாத்தான் இருந்துச்சு. மூணு ஜட்ஜும் ஓகேன்னு வெள்ளை லைட் போட்டப்போ புரிஞ்சுது.

ரொம்ப நன்றிண்ணா. சாக்ஸ துவைச்சு வச்சிருக்கேன், 20ஆம் தேதி வரைக்கும் ஊர்லதான் இருப்பேன்.