கியோட்டோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தினமும் போனில் பேசுகிறோம்தான், ஆனால் இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நீ ஆரி எம்பிராய்டரி போடுகிறவள், உனக்குத்தான் புரியும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று சொன்னேனே, 88 வயது, அதிகம் பேசமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து கண் மங்கும் வரை கிமோனோவுக்கு எம்பிராய்டரி போட்டவராம் அவர், போன வாரம்தான் தெரிந்தது! இந்த ஊர் வேலைக்கு கியோநுய் என்று பேர். அவருடைய மகள் ஒரு பழைய ஃபுரிசோதேயைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். கல்யாணமாகாத பெண்கள் உடுத்தும் கிமோனோ அது, அதன் கை மட்டும் கணுக்கால் பக்கம் வரை தொங்கும். ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை இளைஞர்களுக்கு ஒரு விழா நடக்கும், பேத்தி அதற்கு இதைத்தான் உடுத்தப் போகிறாளாம். அந்தக் கிமோனோ கையில் தைத்திருந்த நாரையின் சிறகில் மட்டும் நூல் கிளம்பியிருந்தது.

அந்தச் சிறகை நீ பார்க்க வேண்டும் அக்கா. முறுக்கே இல்லாத பட்டு நூல், ஒவ்வொரு இறகுக்கும் இழை போகும் திசை கொஞ்சம் மாறுகிறது, அவ்வளவுதான், ஆனால் துணியை அசைத்தால் ஒரே வெள்ளை நூல் ஒரு இடத்தில் பளிச்சென்றும் பக்கத்திலேயே சாம்பலாகவும் தெரிகிறது. பாட்டி கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, நூலை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்டினார். எதற்கு எவ்வளவு முறுக்கு என்று தைப்பவரே முடிவு செய்து அவரே முறுக்கிக்கொள்ள வேண்டுமாம். நம் ஆரி போலக் கொக்கி ஊசி கிடையாது, சாதாரண ஊசிதான், துணி கட்டிய சட்டத்துக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை.

தங்க நூலும் நம் ஜரிகை மாதிரி இல்லை. நமக்கு வெள்ளிக் கம்பி, இவர்களுக்குக் காகிதம்! காகிதத்தில் அரக்குப் பூசி, தங்கத் தகடு ஒட்டி, மெல்லிய கீற்றாக நறுக்கி நூலின் மேல் சுற்றுகிறார்கள். அது துணிக்குள் நுழைவதே இல்லை, மேலே படுக்கவைத்து, வேறு மெல்லிய நூலால் இடம் விட்டு இடம் விட்டுப் பிடித்துத் தைக்கிறார்கள், நீ ஜர்தோசியில் கயிறு பிடிப்பாயே, கிட்டத்தட்ட அப்படித்தான்.

1683-ல், அப்போது நாட்டை ஆண்ட ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசு பெண்கள் உடையில் தங்க வேலையும் எம்பிராய்டரியும் கூடாது என்று தடை போட்டதாம். பணம் சேர்ந்த வியாபாரி வீட்டுப் பெண்கள் பகட்டாக உடுத்தியது பிடிக்கவில்லை. அப்புறம்தான் யூசென் என்று, சாயத்தால் படம் எழுதுகிற வேலை பெரிதாகப் பரவியது. அதுவும் அழகுதான், இருந்தாலும் அன்றைக்கு ஊசி பிடித்துச் சாப்பிட்டவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்று. கிமோனோவில் வளைத்து வெட்டுவதே கிடையாது. ஒரு முழத்துக்குக் குறைவான அகலத்தில் நீளமாக நெய்த துணி, எல்லாம் நேர் துண்டுகள். முதலில் ஓட்டுத் தையல் போட்டு உருவம் பார்த்து, மடிப்பு தாண்டியும் பூ தொடரும்படி வரைந்து, பிரித்து, வேலை முடித்து, மறுபடி தைப்பார்கள். அதனால் எத்தனை வருஷமானாலும் பிரிக்கலாம், துவைக்கலாம், பேத்தி அளவுக்கு மாற்றலாம். இதையும் அப்படித்தான் பிரித்து ஒரு பட்டறைக்கு அனுப்புகிறார்கள்.

சிறகைத் தானே சரிசெய்ய முடியாதது பாட்டிக்கு ரொம்ப வருத்தம். நான் உன் மயில் பிளவுஸ் போட்டோவைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பின்பக்கம் எப்படி இருக்கும்?

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பிளவுஸுக்கு லைனிங் வைப்பதற்கு முன்னால் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு அக்கா, தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
உன் தங்கை