பருவ நிறைவுக் கடிதமும் பரண் மேல் இருக்கும் 17 புத்தகங்களும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது; கலந்துகொண்ட அனைவருக்கும் பாராட்டுகள். அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் ஆர்வத்தோடு பங்கேற்றார்கள். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி முடிவுகள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. மாடிக் குழாய்கள் சரிசெய்யப்பட்டுவிட்டன. தேர்வு முடிவுகள் பொதுவாகத் திருப்தியளிக்கின்றன.

நூலகம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக, நகைச்சுவையாக எழுதப்பட்ட வரலாற்று கிராபிக் நாவல்கள் சிலவற்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். கட்டம் கட்டமாகப் படம், பலூனுக்குள் வசனம், பக்கத்துக்கு இரண்டு சிரிப்பு. சொல்வதோ போர்கள், புரட்சிகள், கொள்ளை நோய்கள். வாங்கிய வாரத்திலிருந்து இந்த அலமாரி நிரம்பியிருந்து நான் பார்த்ததில்லை. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பருவக் கடைசியில் இருப்பு சரிபார்த்தபோது 17 புத்தகங்கள் குறைந்தன. பிள்ளைகள் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். "அம்மா எடுத்து வெச்சிட்டாங்க சார்." "அப்பா பரண் மேல போட்டுட்டாரு." "பாடப் புத்தகத்த முடிச்சாத்தான் தருவாங்களாம்." ஏறக்குறைய எல்லோரும் சொன்னது இதுதான்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. "பொம்மை பார்க்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்?" என்று ஒரு பெற்றோர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தப் புத்தகங்கள் வந்தபோது நானும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டேன். என் மனம் மாறிய கதையைச் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை.

வரலாற்றாசிரியர் விடுப்பில் இருந்ததால் 7ஆம் வகுப்புக் கட்டுரைகளை ஒருமுறை நான் திருத்தினேன். தலைப்பு, 'நான் அறிந்த ஒரு போர்'. 1932இல் ஆஸ்திரேலிய ராணுவம் ஈமு பறவைகளோடு போருக்குப் போய்த் தோற்றது என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'கற்பனைக்கு மதிப்பெண் இல்லை' என்று எழுதினேன். அடுத்த தாளில் ஒரு மாணவி, குள்ளமான நெப்போலியன் தன் உயரக் குறையை ஈடுகட்டத்தான் ஐரோப்பாவையே பிடித்தான் என்று எழுதியிருந்தாள். அதற்கு 'நன்று' போட்டேன்.

மறுநாள் அந்த மாணவன் நூலகப் புத்தகத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றான். பணிவாகத்தான் நின்றான், ஆனால் விரல் சரியான பக்கத்தில் இருந்தது. தேடிப் பார்த்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களை அழித்த ஈமுக்களைச் சுட, 1932 நவம்பரில் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடும் 10,000 தோட்டாக்களோடும் வீரர்களை அனுப்பியது உண்மை. பறவைகள் நாலாபக்கமும் சிதறி ஓடியதில் குறிவைக்க முடியாமல் திரும்பியதும் உண்மை. நெப்போலியனோ ஏறக்குறைய 168 செ.மீ. உயரம், அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாதாரண உயரம். பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிட நீளமானது. பிரெஞ்சுக் கணக்கில் சொன்ன உயரத்தை ஆங்கிலக் கணக்காக எடுத்துக்கொண்ட குழப்பமும், இங்கிலாந்தின் ஜேம்ஸ் கில்ரே போன்றவர்கள் வரைந்த கேலிச்சித்திரங்களும் சேர்ந்து அவரை என்றைக்குமாகக் குள்ளனாக்கிவிட்டன. ஆக, உண்மையை அடித்துவிட்டுப் பொய்க்கு 'நன்று' போட்டிருக்கிறேன். இரண்டு தாள்களையும் திரும்ப வாங்கித் திருத்தினேன்.

சிரிப்பு வந்தால் பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டும் பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது. உங்களில் சிலருக்கும் இருக்கலாம்.

ஆனால் நெப்போலியனைக் குள்ளனாக்கியதும் ஒரு படம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். எழுத்தைவிடப் படம் சீக்கிரம் நம்ப வைக்கும். பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் என்றாலே கொம்பு வைத்த தலைக்கவசம் நினைவுக்கு வருகிறது அல்லவா? அவர்கள் அப்படி அணிந்ததற்குச் சான்று கிடையாது. 1876இல் ஜெர்மனியில் வாக்னர் என்ற இசையமைப்பாளரின் இசை நாடகங்களுக்குத் தைத்த உடைகள்தான் அந்தக் கொம்பை உலகமெங்கும் பரப்பின. 'வைக்கிங்குகள் கரையிறங்கினர்' என்று எழுதுகிறவருக்குத் தலையில் என்ன இருந்தது என்ற தொல்லையே இல்லை. வரைகிறவர் தப்பிக்க முடியாது. கவசமா, செருப்பா, பொத்தானா, விளக்கா, எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தாக வேண்டும். நல்ல சித்திரக்காரர் தேடிப் பார்த்து வரைகிறார், சோம்பேறி கொம்பை வரைகிறார். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் வகுப்பில் பழக்குகிறோம். பலூனுக்குள் இருக்கும் வசனம் பெரும்பாலும் ஆசிரியர் எழுதியது, மன்னர் பேசியதல்ல. எதை மாற்றினோம் என்று பல புத்தகங்களில் கடைசிப் பக்கங்களில் சொல்லியிருப்பார்கள். முன்பு அந்தப் பக்கங்களை யாரும் திறந்ததில்லை. இப்போது பிள்ளைகள் முதலில் அங்கேதான் போகிறார்கள், தப்புக் கண்டுபிடிக்க.

இன்னொன்றும் கவனித்தேன். 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறிய கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். காரணம் உங்களுக்கே தெரியும். 11 வயதில் சாக்கடையைவிடச் சுவாரசியமான விஷயம் ஏது? நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில், அதாவது பிளீச்சிங் பவுடர் கரைசலில், நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அதுவரை தள்ளிப்போட்ட சாக்கடைத் திட்டத்துக்கு உடனே சட்டம் இயற்றினார்கள். ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர் கட்டினார். சிரித்துக்கொண்டே பக்கம் திருப்பிய ஒரு மாணவி கேட்டாள்: "நாத்தத்தாலதான் காலரா வருதுன்னு நெனச்சுக் கட்டினாங்க. அது தப்புதானே சார்? அப்புறம் எப்படி காலரா நின்னுச்சு?" கழிவுநீர் குடிநீரில் கலப்பது நின்றதால்தான். 1866இல் காலரா மறுபடி தாக்கியபோது, பணி முடியாத கிழக்கு லண்டன்தான் சிக்கியது. தவறான காரணத்துக்காகச் சரியான வேலையைச் செய்திருக்கிறார்கள். என் பணிக்காலம் முழுக்க ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

போரையும் சாவையும் வைத்துச் சிரிக்கலாமா என்று கேட்ட பெற்றோருக்கு நான் முழுதாக மறுப்புச் சொல்ல மாட்டேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வீறாப்புப் பேசிய தளபதி சேற்றில் விழுந்தால் சிரிக்கலாம். அடிமையாக விற்கப்பட்டவரின் பக்கத்தில் சிரிப்பு வரக் கூடாது. நல்ல புத்தகங்கள் அங்கே தாமாகவே அடங்கிவிடுகின்றன. ஒரு புத்தகம் அடங்கவில்லை என்று ஒரு தாய் காட்டினார். படித்தேன், அவர் சொன்னது சரி, புத்தகத்தை எடுத்துவிட்டோம். அவருக்கு நன்றி.

ஆனால் எல்லோரும் அந்தத் தாயைப் போல நடந்துகொள்ளவில்லை. ஒரு புத்தகம் ஆறு பக்கங்கள் ஸ்டேப்ளர் பின்னால் சேர்த்து அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இன்னொன்றில் வசன பலூன்கள் மையால் அழிக்கப்பட்டிருந்தன. ஒருவர் நூலகத்துக்கே வந்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நூலகரிடம் சத்தம் போட்டிருக்கிறார். இதை நான் அனுமதிக்க முடியாது. நூலகப் புத்தகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தம். அதைச் சேதப்படுத்தினால் புதிய பிரதி வாங்கித் தர வேண்டும். உங்கள் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்றால் எழுதித் தாருங்கள், மதிக்கிறோம். அடுத்தவர் பிள்ளைக்கும் வேண்டாம் என்று நீங்கள் முடிவுசெய்ய இயலாது. நூலகர் மீது குறை இருந்தால் என் அறைக்கு வாருங்கள். சத்தம் போடுவதென்றால் என்னிடம் போடலாம், எனக்குப் பழக்கம்தான்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதைப் படிக்கிறது என்று கவனிக்கும் பெற்றோர் இருப்பது எந்தப் பள்ளிக்கும் பாக்கியம்; புத்தகத்தைப் பரணில் ஏற்றியதும் அந்த அக்கறையில்தான். விடுமுறையில் அதை இறக்கி, பிள்ளையோடு பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். "படிச்சியா?" என்று கேட்காமல், "இதுல எது நெசம், எது கப்சா?" என்று கேளுங்கள்.

பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் புத்தகங்கள் வந்துவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது. பெயர்களைக் குறித்துவைக்கப் போவதுமில்லை. பருவம் முழுதும் ஒத்துழைத்த உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: மகனிடமிருந்து பறித்த முதல் பாகத்தை ஒரே இரவில் படித்து முடித்துவிட்டு, இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று ரகசியமாகக் கேட்டனுப்பிய தந்தைக்கு: இருக்கிறது. திரும்பி வராத 17இல் அதுவும் ஒன்று.