படுத்து சுடறது ஈஸின்னு நெனச்சுக்காத கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கியா? போன்ல சொன்னா பாதி காத்தோட போயிடும்னுதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. ரைஃபிள் ஷூட்டிங்ல உன் நீலிங் (முட்டி போட்டு சுடறது) ஸ்கோர் ஏறுது, ஸ்டாண்டிங்குக்கு கோச் தனியா டைம் குடுக்கறாரு, புரோன் (படுத்து சுடறது) மட்டும் 200க்கு 190லயே நிக்குதுன்னு சொன்னே. அத சொல்லிட்டு "அது படுத்துட்டு சுடறதுதானேப்பா, தானா வந்துடும்"னும் சொன்னே பாரு, அது எனக்கு ஒத்துக்கல.

த்ரீ பொசிஷன் போட்டில இந்த மூணு நிலையில ஒவ்வொண்ணுலயும் 20 ஷாட். ஸ்டாண்டிங்ல எல்லாருக்கும்தான் பாயிண்ட் போகும், ஆனா புரோன்ல பெரிய ஆளுங்க 200க்கு 198, 199னு போட்டுட்டு எந்திரிச்சு போயிட்டே இருப்பாங்க, அங்க நீ பத்து பாயிண்ட் விட்டுட்டு வந்தா அத ஸ்டாண்டிங்ல எப்படி எடுப்ப? 2016 ரியோ வரைக்கும் ஆம்பளைங்களுக்கு புரோன் தனி ஒலிம்பிக் ஈவெண்ட்டாவே இருந்துச்சு. 2012 லண்டன்ல நம்ம ஜாய்தீப் கர்மாகர் அதுல 699.1 எடுத்து நாலாவது வந்தாரு, வெண்கலம் வாங்கின ஸ்லோவேனியாக்காரர் டெபெவெச் 701.0. வெறும் 1.9 பாயிண்ட்டுல மெடல் போச்சு. தேஜஸ்வினி சாவந்த் 2010ல மியூனிக்ல உலக சாம்பியன் ஆனதும் இதே புரோன்லதான், அந்தம்மா கோலாப்பூர், இப்ப நீ இருக்கற புனே மாதிரியே அதுவும் மகாராஷ்டிராதான். பாரிஸ் ஒலிம்பிக்ல த்ரீ பொசிஷன்ல வெண்கலம் வாங்கின ஸ்வப்னில் குசாலேவும் கோலாப்பூர் பக்கம்தான். அதனால யாராவது புரோன சும்மா ரெஸ்ட் எடுக்கற பொசிஷன்னு சொன்னா காதுலயே வாங்காத.

சரி, விஷயத்துக்கு வரேன். நீ அனுப்பின டார்கெட் ஸ்க்ரீன் போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். உன் குரூப், அதாவது குண்டு பட்ட எடமெல்லாம் சேந்த கூட்டம், பக்கவாட்டுல அகலமே இல்ல, மேலயும் கீழயுமா நீளமா நிக்குது, பன்னெண்டு மணி பக்கம் ஒரு ஒம்பது, ஆறு மணி பக்கம் ரெண்டு ஒம்பது, கடைசி ஷாட்டெல்லாம் கீழயே இறங்கிடுச்சு. மூச்சு உள்ள போனா நெஞ்சு தூக்கி பேரல் இறங்கும், வெளிய விட்டா பேரல் ஏறும், அந்த ஏத்த இறக்கம் ஆறு மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் நடுவுல நேர் கோடா இருக்கணும். நீ ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூச்ச வேற வேற எடத்துல நிறுத்தறேன்னு அந்த போட்டோவே சொல்லுது. சாதாரணமா மூச்ச விட்டதுக்கு அப்பறம் அடுத்த மூச்சு தேவைப்படாம ஒரு சின்ன இடைவெளி வரும்ல, எல்லா ஷாட்டும் அங்கதான். இழுத்து புடிச்சு நிறுத்தறது இல்ல, தானா நிக்கற எடம். அங்கிருந்து ஆறு, மிஞ்சிப் போனா எட்டு செகண்டுக்குள்ள ஷாட் போகணும், போகலன்னா விரல எடுத்துட்டு திரும்ப ஆரம்பி, ஏன்னா அதுக்கு மேல பாத்துட்டே இருந்தா கண்ணு பழைய படத்தையே காட்டி ஏமாத்தும், நீ சென்டர்னு நெனப்ப, ரைஃபிள் வேற எங்கயோ இருக்கும்.

கடைசி ஷாட்டெல்லாம் கீழ இறங்கினது வேற கதை, அதுக்கு காரணம் ஒண்ணு ஸ்லிங் (ரைஃபிளையும் மேல்கையையும் இணைக்கற வார்), இல்ல முழங்கை. வீடியோல உன் இடது கை விரல் வெளுத்து போயிருக்கு பாரு, அவ்வளவு இறுக்கி புடிச்சிருக்க. புரோன்ல ரைஃபிள புடிக்கறது கை இல்ல கண்ணு, ஸ்லிங்கும் எலும்பும். தூளில புள்ள கெடக்கற மாதிரி அது ஸ்லிங்லயும் உள்ளங்கையிலயும் சும்மா கெடக்கணும், விரல் லூசா இருக்கணும். ஸ்லிங்க மேல்கையில நல்லா ஒசரமா, வெளிப்பக்கமா மாட்டு, ஜாக்கெட் ஹூக்ல புடிச்சிருக்கான்னு பாத்துக்கோ, உள்பக்கம் ரத்தக்குழாய அழுத்துச்சுன்னா துடிப்பு சைட்லயே (குறி பாக்கற அமைப்பு) தெரியும். இறுக்கம் பத்தலன்னா கொஞ்சங்கொஞ்சமா வழுக்கி ரைஃபிள் இறங்கிட்டே வரும், உனக்கு அதான் நடக்குது. உடனே கைய ரொம்ப தாழ்த்தி படுத்துடாத, முன்கை தரையோட 30 டிகிரிக்கு குறையக் கூடாதுன்னு ரூல், ஜூரி வந்து அளந்து பாப்பாங்க.

அப்பறம் கால். எங்க காலத்துல என்சிசில ரெண்டு காலையும் நல்லா அகட்டி குதிகால தரையில ஒட்டணும்னு சொல்லிக் குடுத்தாங்க, வயிறு முழுக்க கீழ விரிச்ச மேட்ல கெடக்கும், நீயும் கிட்டத்தட்ட அப்படித்தான் படுக்கற, அத மாத்து. இடது கால முதுகெலும்புக்கு நேரா நீட்டி வெச்சுட்டு வலது முட்டிய மேல இழுத்துக்கோ, உடம்பு லேசா இடது பக்கம் சாஞ்சு நெஞ்சும் வயிறும் மேட்ட விட்டு கொஞ்சம் எந்திரிக்கும், மூச்சும் துடிப்பும் ரைஃபிளுக்கு போறது குறைஞ்சிடும்.

இப்ப நான் முக்கியமா நெனக்கறது. படுத்து செட் ஆனதும் கண்ண மூடு, ரெண்டு மூணு மூச்சு விடு, உடம்ப தளர விடு, கண்ண தொற. முன் சைட்டோட ரிங் எங்க நிக்குதோ அதுதான் உன் உடம்பு சுட விரும்பற எடம். அது டார்கெட் நடுவுல இருக்கற கருப்பு வட்டத்துக்கு இடது பக்கம் நின்னா கையால தள்ளி நடுவுல கொண்டு வந்து சுட்டுடாத, தயவு செஞ்சு தள்ளாத! இடது முழங்கைய நகத்தாம இடுப்ப மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ மாத்து, திரும்ப கண்ண மூடி செக் பண்ணு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல ஒரு மீட்டர்னு வெச்சுக்கிட்டாலும் அங்க ஒரு மில்லிமீட்டர் பிசகினா 50 மீட்டர்ல அஞ்சு சென்டிமீட்டர், அதாவது கருப்போட விளிம்பு வரைக்கும் போயிடும், ஆனா பத்து பாயிண்ட் வட்டம் குறுக்கால மொத்தமே 10.4 மில்லிமீட்டர்தான். தள்ளி வெச்ச கை ட்ரிகர் விழற நேரத்துல கொஞ்சம் தளர்ந்தாலே ஒம்பது. சரியா படுத்திருக்கியான்னு ரீகாயில்லயே, அதாவது ரைஃபிள் உதைக்கறதுலயே தெரிஞ்சுக்கலாம், சுட்டதும் கன்னத்த எடுக்காம பாத்துட்டே இரு, ரைஃபிள் மேல எகிறி அது பாட்டுக்கு கருப்பு மேலயே வந்து உக்காரணும். பக்கத்துல போயி நின்னா அடுத்த ஷாட்டுக்கு முன்னாடி இடுப்ப சரி பண்ணு. நீ ஒவ்வொரு ஷாட்டுக்கும் உடனே தலைய தூக்கி மானிட்டர பாக்கறியே, அதனாலதான் இது உன் கண்ணுலயே படல.

தினமும் ரூம்ல குண்டு இல்லாம ட்ரை ஃபயர் பண்ணு, சேம்பர் காலியான்னு பாத்துட்டு. காத்து, காத்து காட்டற ஃப்ளாக் எல்லாம் இப்போதைக்கு தலையில ஏத்திக்காத, குரூப் உருண்டையானதுக்கு அப்பறம்தான் சைட்ட கிளிக் கிளிக்கா திருப்பறதுக்கே அர்த்தம் இருக்கு.

ஒண்ணு மட்டும் இன்னிக்கே பண்ணிடு. ஹேண்ட் ஸ்டாப் (முன்கைய தடுத்து நிறுத்தற கட்டை) எந்த நம்பர்ல இருக்கு, ஸ்லிங் எத்தனாவது ஓட்டை, பட் ப்ளேட் (தோள்ல படற தகடு), சீக் பீஸ் (கன்னம் வெக்கற கட்டை) எவ்வளவு ஒசரம், நீலிங்குக்கு தனியா புரோனுக்கு தனியா நோட்டுல எழுதி கேஸ்லயே வெச்சுக்கோ, மேட்ச்ல நீலிங் முடிச்சு மாத்தறப்ப கடிகாரம் ஓடிட்டே இருக்கும், அங்க யோசிச்சுட்டு நிக்கக் கூடாது.

அம்மா பருப்புப் பொடி கூரியர் பண்ணிருக்கா, வந்ததும் சொல்லு.

அப்பா