பாம்பனுக்கு நீ வர வேண்டும்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பெரியவர் வீட்டு வழக்கு போன தீபாவளிக்கு எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கிறது. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இங்கே பலமாக இருக்கிறது. 2022 டிசம்பரிலேயே அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு பழையதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறந்த பாலம் அது. 1914இல் திறந்த அந்த ஷெர்சர் தூக்குப் பாலத்தை உன் அப்பா எத்தனை வருடம் சுற்றியிருப்பார்! அவர் உள்ளங்கைக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் நாம். அந்த இரும்பு லாரியில் ஏறிப் போவதற்குள் அதைப் பெரிய பெட்டியில் எடுத்துவிட வேண்டும். இது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பெரிய பெட்டி எது என்று கேட்பாய். பரமக்குடி ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். மாடியில் கிடந்த மரக் கேமராவை ஸ்டூடியோக்காரரின் பையன் என்னிடமே கொடுத்துவிட்டான். பத்துக்கு எட்டு அங்குல ஃபிலிம் போடுவது. முன்னால் மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தியில் ஓட்டை இல்லை, பித்தளைத் திருகுகள் எல்லாம் ஓடுகின்றன. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் உலகம் தலைகீழாக, இடம் வலம் மாறி, அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அப்படியே அச்செடுத்துக்கொள்ளலாம், பெரிதாக்கவே வேண்டாம். பாலத்தின் ஒவ்வொரு ரிவெட்டும் எண்ணும்படி விழும். செல்போனில் ஆயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள், இந்த விவரம் ஒருவரிடமும் இருக்காது.

ஆனால் கனம், மாப்பிள்ளை! பெட்டி மட்டும் ஆறு கிலோவுக்கு மேல். மர ஸ்டாண்டு அதற்குக் குறையாது. 300 மில்லிமீட்டர் லென்ஸ், வெளிச்சம் அளக்கும் மீட்டர், துணி, அப்புறம் ஃபிலிம் போடும் ஹோல்டர்கள். ஒரு ஹோல்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு ஃபிலிம்தான். நாலு ஹோல்டர் சேர்ந்தாலே தோள் இறங்கிவிடுகிறது. மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி புதிதாக ஒன்று வாங்கி, உள்ளே பருத்தித் துணி விரித்து, ஹோல்டர்களை நெட்டுக்குத்தாக அடுக்கிக்கொள்கிறேன். வெயில் ஏறாது, மணல் புகாது. ஐஸ் மட்டும் கூடாது. வெளியே எடுத்ததும் ஃபிலிம் வேர்த்துவிடும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிறார். கொடுத்துவிடுகிறேன். பெட்டியை மட்டும் மடியை விட்டு இறக்குவதில்லை.

தனுஷ்கோடி மணலில் வைத்துப் பழகிப் பார்த்தேன். ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதைகின்றன. கண்ணாடியில் சரிபார்த்து முடிப்பதற்குள் அடிவானம் சாய்ந்துவிடுகிறது. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்துக் கால்களுக்கு அடியில் வைத்தார். நின்றுவிட்டது! காற்றுக்குத்தான் வழி தெரியவில்லை. துருத்தியை நீட்டியதும் வல்லத்துப் பாய் போலக் காற்றை வாங்குகிறது. ஸ்டாண்டின் நடுவில் தண்ணீர் கேன் கட்டித் தொங்கவிட்டாலும், பக்கத்தில் ஒருவர் குடை பிடிக்காமல் முடியாது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் பக்கம் இதை விரிக்கவே கூடாது. மாசி கழிந்து பங்குனியில் விடியற்காலை என்றால் காற்று அடங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பித்தளையையும் மரத்தையும் துடைத்துவிட வேண்டும், உப்பு ஒரு ராத்திரிகூடப் பொறுக்காது.

பாலத்தை எடுக்க ரோட்டுப் பாலத்தின் மேல்தான் நிற்க வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தவிட மாட்டார்கள், முனையில் இறங்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மேலிருந்து பார்க்கிறோம் அல்லவா, சாதாரணக் கேமராவைக் கீழே சாய்த்தால் தூண்கள் அடியில் ஒடுங்கிப்போகும். இதில் ஃபிலிம் நிற்கும் பின்பலகையை நிமிர்த்தி வைத்தபடியே லென்ஸ் பலகையை மட்டும் கீழே இறக்கினால் தூண்கள் நேராக நிற்கும். பாலம் நம்மைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. லென்ஸ் பலகையை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஃபிலிமின் தளம், லென்ஸின் தளம், பாலத்தின் தளம் மூன்றையும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். அப்போது பக்கத்துத் தூண் முதல் கடைசித் தூண் வரை கூர்மையாக விழும். ஷைம்ஃப்ளூக் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்துவதற்காக 1904இல் காப்புரிமை பெற்ற வேலையோடு சேர்த்துச் சொல்லப்படும் விதி இது. கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த பிள்ளை நீ, உனக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

விடியல் வெளிச்சத்தில் லென்ஸின் துளையை எஃப் 45 என்ற சிறிய அளவில் வைத்தால் சில நொடிகள் திறந்திருக்க வேண்டும். ஒரு நொடியைத் தாண்டினால் ஃபிலிமின் வேகம் குறையும்; மீட்டர் சொல்வதற்கு மேலேயே கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பஸ் போனால் போதும், ரோட்டுப் பாலம் அதிர்ந்து ஃபிலிம் வீணாகிவிடும். நானோ துணிக்குள், பிறகு ஷட்டர் கம்பியில். ராமேஸ்வரம் பக்கமும் மண்டபம் பக்கமும் பார்த்து “வண்டி இல்லை, எடு” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். குடை பிடிக்கவும் அதே ஆள்தான்.

மதுரைக் கோயிலை 1858இல் எடுத்த லின்னேயஸ் ட்ரைப் இதைவிடப் பெரிய காகித நெகட்டிவில் எடுத்தார். சாமான்களை மாட்டு வண்டிகள் சுமந்தன, கூடவே ஆட்கள் இருந்தார்கள். எனக்கு நீதான் இருக்கிறாய். வேறு ஆளே கிடைக்காதா என்றால் கிடைக்கும். கூலிக்கு வருகிறவன் நன்றாகவே தூக்குவான். எந்தத் தூண் பக்கம் உன் அப்பா நிற்பார், எந்தப் படியில் சோற்றுத் தூக்கை வைப்பார் என்று அவனுக்குத் தெரியுமா? லென்ஸை எங்கே குறி வைப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். வாலிநோக்கம் உப்பு மூட்டையை யார் தலையில் கட்டிவிட்டு ஓடினாய் என்பதை நான் மறக்கவில்லை, ஆகவே இந்த முறை ஸ்டாண்டு உன் தோளில்.

பங்குனி முதல் வாரத்தில் லீவு போடு. முதல் நாள் இரவே வந்துவிட்டால் ஃபிலிம் போடுவதையும் பார்க்கலாம். அப்பாவின் ரயில்வே அடையாள அட்டை உன் தங்கையிடம் இருக்கிறது என்றாயே, அதையும் கையோடு கொண்டு வா. தேதியை மட்டும் சீக்கிரம் எழுது, பெரிய குடை ஒன்று சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்