நீலப் பலகைகள் மிஷன் வீதிக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, துமாஸ் வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் சுவரோடு பதிந்திருக்கும், தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய நீல நிற எனாமல் வீதிப் பெயர்ப்பலகைகளை எல்லோருக்கும் தெரியும். வாய்க்காலைத் தாண்டியதும் அந்த அக்கறை குறைந்துவிடுகிறது. வரலாறு மேற்கேயும் கொட்டிக் கிடக்கிறது. மிஷன் வீதியில் 1791இல் கட்டி முடிக்கப்பட்ட சம்பா கோவில் என்னும் தேவாலயமும் கல்வே கல்லூரியும் இருக்கின்றன. தாழ்வாரமும் திண்ணையுமாகச் சீரமைக்கப்பட்டு 2008இல் யுனெஸ்கோ விருது பெற்ற வைசியாள் வீதி தமிழர் பகுதியில்தான் உள்ளது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளையின் மாளிகையும் அங்கேதான். மிஷன் வீதி நெடுகவும் அதன் குறுக்கு வீதிகளிலும் இந்தப் பலகைகளையும் சிறு வரலாற்றுக் குறிப்புகளையும் நகராட்சி வைக்க வேண்டும்.

ஆனால், நீல நிறத்தில் எதையாவது மாட்டினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. அலுமினியத் தகட்டில் ஒட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக் தாள், வெயிலில் வெளுத்து ஓரத்தில் உரியும். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருக்கிப் பதிக்கும் கண்ணாடிப் பூச்சு. தகட்டை வெட்டுவது, வளைப்பது, துளையிடுவது எல்லாம் சூளைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மாட்டும் இடத்தில் வந்து துளை போட்டால் பூச்சு சில்லு சில்லாகத் தெறிக்கும். கடற்காற்றின் உப்பு அந்த விளிம்பில் ஏறி, துரு உள்ளுக்குள் பரவும். திருகை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே கதிதான். ஒவ்வொரு திருகுக்கும் நைலான் வாஷர் வேண்டும். திருகு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகு போட்டால் சுவரில் பழுப்புக் கோடு வழியும்.

பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது. பிளாஸ்டிக் பிளக் அதில் பிடிக்காமல் சுற்றும். பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை திருகு போக வேண்டும். அதிரும் ஹேமர் டிரில் கூடாது, பூச்சு பாளமாகப் பெயர்ந்துவிடும். பலகைக்கும் சுவருக்கும் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மழைநீர் தேங்காது. சுவர் கிடைக்காத இடத்தில் நடைபாதையில் கம்பம் நட்டு, நடப்பதற்கு வேண்டிய 1.8 மீட்டர் அகலத்தைக் குறைக்கக் கூடாது.

தமிழ் எழுத்துதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. பிரெஞ்சுப் பெயருக்கென்று அளவெடுத்த பலகையில் 'கல்வே சுப்பராய செட்டியார் வீதி' அடங்காது. உடனே எழுத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். சுருக்கினால் புள்ளிகள் அடைந்துவிடும், ண, ழ ஆகியவற்றின் சுழி மூடிக்கொள்ளும். நீளமான பெயரை இரண்டு வரியாக்கிப் பலகையின் உயரத்தைக் கூட்டுவதே சரி. தமிழ் மேலே, பிரெஞ்சுக்குக் குறையாத அளவில் இருக்க வேண்டும்.

வரலாற்றுக் குறிப்பைப் பெயர்ப்பலகையில் திணிக்க வேண்டாம். அதற்குத் தனியாகச் சிறு தகடு, கண் மட்டத்தில், 40 சொற்களுக்குள் போதும். ஆதாரம் உள்ளதை மட்டும் எழுத வேண்டும். வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எவர் சுவரிலும் கை வைக்கக் கூடாது.

பெயர்ப்பலகையின் அடிவிளிம்பு நடைபாதையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தால் சுவரொட்டி ஒட்டுபவர் கைக்கு எட்டாது. மிஷன் வீதியில் கடைப் பெயர்ப்பலகைகள் முன்தள்ளி நிற்பதால், எந்த முனையிலிருந்து பார்த்தால் தெரியும் என்று நடந்து பார்த்த பிறகே இடம் குறிக்க வேண்டும். சுவருக்கு வண்ணம் அடிக்கும் ஆட்கள் பலகைமேல் தெறித்த சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டுவதும் உண்டு. அடிப்பதற்கு முன் காகிதம் ஒட்டி மூடச் சொன்னால் அந்த வேலையே இருக்காது.

ஒப்பந்தப்புள்ளியில் 'எனாமல்' என்று மட்டும் எழுதினால் எனாமல் பெயின்ட் அடித்த தகடு வந்து நிற்கும். 'சூளையில் சுட்ட கண்ணாடி எனாமல், இருபுறமும்' என்று எழுதி, முழு அளவு மாதிரி ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்ட வேண்டும். சாவியால் கீறினால் கோடு விழக் கூடாது. இந்த இரண்டிலும் தேறாத பலகைக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
புதுச்சேரி