முற்றின வெண்டைக்காயும் பழைய செருப்பும் வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பள்ளி விட்டதும் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் மகனின் சீருடைச் சட்டை. அதன் தோள்பட்டையில் நீல நிறத்தில் அழகான வெண்டைக்காய்ப் பூ ஒன்று பதிந்திருந்தது. "டீச்சர், இது துவைச்சா போகுமா?" என்று கேட்டார். போகாது. ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் அலசினால்தான் போகும். துணிப் பெயின்ட் ஒரு முறை காய்ந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் அசையாது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் தவறு. இனி வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவின் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். சீருடைக்கு மேலேயே போட்டுக்கொள்ளட்டும்.

என்ன நடக்கிறது என்று இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் கட்டும் திரைச்சீலையை இந்த வருஷம் பிள்ளைகளே செய்கிறார்கள். பள்ளியில் 84 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் அடிச் சதுரத்தில், வெளுக்காத பருத்தித் துணியான காடா. அதில் அவரவர் அச்சைப் பெயின்டில் ஒற்றிப் படம் பதிக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் 12 அடி நீளம், 7 அடி உயரம் வரும். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் நாடு செழிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதால், துணி பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். சரி என்று ஒரு துண்டு வாங்கிப் பார்த்தோம். அடர்ந்த பச்சையில் மஞ்சள், சிவப்பு எதுவுமே எடுக்கவில்லை. அதனால் சதுரங்கள் காடாவில், சுற்றிவர ஓரம் மட்டும் பச்சையில் என்று முடிவானது. புதுக் காடாவில் கஞ்சி இருக்கும், அது பெயின்டைப் பிடிக்கவிடாது. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுத்தோம்.

அச்சுகள் எல்லாம் பிள்ளைகள் செய்தவை. வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தால் அழுத்தும்போது நசுங்கிவிடும். சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கிப் போடுகிறீர்களே, அந்த முற்றல்தான் எங்களுக்கு வேண்டும். காம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ கிடைக்கும். நறுக்கிய உடனே வைத்தால் கொழகொழப்பில் பெயின்ட் வழுக்கிப் போகிறது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைப் பாவாடை ஓரத்தில் நாலு தடவை ஒற்றி, ஜன்னல் திண்டில் கொஞ்ச நேரம் காயவைத்துவிட்டுப் பிறகு வைத்தாள். இதழ் இதழாக விழுந்தது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இப்போது எல்லா வகுப்பிலும் அவள் முறைதான்.

உருளைக்கிழங்கும் அப்படித்தான், வெட்டின முகத்தில் தண்ணீர் ஊறும், ஒற்றி எடுக்க வேண்டும். ஆனால் அது ஒரு நாள் சரக்கு. மறுநாளே சுருங்கி, கோடெல்லாம் குளறிவிடும். நாள்பட நிற்பது தேய்ந்த ரப்பர் செருப்புதான். கத்தரிக்கோலுக்கு இணங்கும். இலை, மீன், மாங்காய் என்று வெட்டி பாட்டில் மூடியில் ஒட்டிவிட்டால் கைப்பிடியும் ஆயிற்று. செருப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து அனுப்புங்கள். ஓர் அப்பத்தா, "செருப்புல செஞ்ச அச்ச வச்சு கோபுரம் போடுவீகளா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். நியாயமான கேள்வி. கோபுரம், அழகர் குதிரை இரண்டும் உருளைக்கிழங்கிலும் அழிரப்பரிலும்தான் என்று அன்றைக்கே வகுப்பில் சொல்லிவிட்டோம். மூன்றாம் வகுப்பு வரை உள்ளவர்கள் கத்தி, பிளேடு தொடுவதில்லை. தீப்பெட்டியில் சணல் கயிற்றை வரிந்து சுற்றினால் அதுவே அருமையான அச்சு, வயல் வரப்பு மாதிரி கோடு கோடாக விழும்.

பெயின்டில் அச்சை நேராக முக்கக் கூடாது. ஓரம் பிதுங்கி, பூ வெறும் பொட்டாகிவிடும். ஸ்பாஞ்சில் பெயின்டைத் தடவி, அதில் அச்சை ஒற்றி எடுக்க வேண்டும். துணிக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டால் அச்சு முழுசாகப் பதியும். வெறும் பெஞ்சில் நடுவே திட்டுத் திட்டாக விட்டுப்போகும். ஒரு நாள் முழுக்க உலர்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு இஸ்திரி தேய்த்தால் சாயம் நிலைக்கும். இஸ்திரிப் பெட்டி ஆசிரியர்கள் கையில் மட்டும்தான், பயப்பட வேண்டாம்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் தன் பெயரின் முதல் எழுத்தான 'ம'வை அழிரப்பரில் பொறுமையாகச் செதுக்கினான். துணியில் வைத்து எடுத்தால் எழுத்து திரும்பி நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் செதுக்கியது 'ப'. இடம் வலமாகத் திருப்பினாலும் 'ப' 'ப'தானே, அவனுக்கு முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. இவன் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தாளில் பென்சிலால் அழுத்தி எழுதி, அதை ரப்பர் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்தான். எழுத்து தானாகவே திரும்பி ரப்பரில் ஒட்டிக்கொண்டது. அதன் மேலேயே செதுக்கினான். கணக்குப் புத்தகத்தில் சமச்சீர் பாடத்தை நான் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததில்லை.

இதனால் படிப்பு கெடுமோ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை மட்டும்தான். அதிலும் பாடம் இருக்கிறது. மஞ்சளைக் குழைத்துத் துணியில் தடவி, அதன் மேல் சோப்புத் தண்ணீர் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக மாறும். அமிலம், காரம் என்று புத்தகத்தில் படிப்பது அதுதான். மஞ்சள் வெயிலில் வெளிறிப்போகும் என்பதால் திரைச்சீலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை.

அச்சு என்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் துணியைத் துளித் துளியாகக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் போட்டுப் புள்ளி எடுத்த வேலை அது. உருக்கிய மெழுகில் அச்சைத் தோய்த்துத் துணியில் வைத்து, சாயம் ஏற்றி, பிறகு கொதிநீரில் மெழுகை நீக்கும் முறையும் அதில் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய சுங்குடி இருந்தால் பிள்ளைக்கு ஒரு தடவை பிரித்துக் காட்டுங்கள்.

அலங்காரத்துக்கு வருகிறேன். பித்தான், அறுந்த பாசிமணி, பழைய பட்டுச் சேலையின் சரிகை ஓரம், தையற்கடை வெட்டுத்துணி எல்லாம் உதவும். மாதக் காலண்டரின் வழவழப்பான தாளை நீள முக்கோணமாக வெட்டி, தென்னை ஈர்க்கில் சுற்றி ஒட்டினால் மணி கிடைக்கும். தினசரிக் காலண்டர் தாள் மெலிசு, நசுங்குகிறது. கம்பளி நூலை நாலு விரலில் சுற்றிக் கட்டி, ஒரு பக்கம் வெட்டிவிட்டால் குஞ்சம். தர்ப்பூசணி விதையைக் கழுவிக் காயவைத்து அனுப்பலாம். குன்றிமணி மட்டும் கட்டாயம் வேண்டாம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கடும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம்.

இன்னொரு வேண்டுகோள், இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். கடையில் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்காக நீங்கள் வெட்டியும் கொடுக்காதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் கண்காட்சி நடந்தது. மேஜை நிறைய, கடையில் செய்து வாங்கிய பொருள்கள். ஒரு பெண் மட்டும் தானே செய்த துணிப்பையைக் கொண்டு வந்திருந்தாள். தையல் கோணல்தான், ஆனால் ஒவ்வொரு தையலும் அவளுடையது. மற்றதைப் பார்த்ததும் அதை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டாள். நான் கேட்டும் வெளியே எடுக்கவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நம் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை கூட மறைக்க வேண்டியிருக்கக் கூடாது. அச்சு கோணலாக விழட்டும், மை வழியட்டும், அப்படியே தைத்துத் தொங்கவிடுவோம்.

தையல் தெரிந்த பெற்றோர்கள் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வர முடியுமா? தேரில் உருளையாகத் தொங்கும் துணி அலங்காரமான தொம்பையில் வண்ணத் துணியை வெட்டி, மேலே வைத்துத் தைப்பார்கள் அல்லவா, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் தலைமுறையாகச் செய்த வேலை, அதைப் போலப் பச்சை ஓரத்தில் பூவேலை வைக்க ஆசை. ஆசிரியர்களில் யாருக்கும் அது சரியாகத் தெரியாது. தையல் இயந்திரம் பள்ளியில் ஒன்று இருக்கிறது. கத்தரிக்கோல் மட்டும் கொண்டு வாருங்கள், எங்களுடையது இரண்டும் மழுங்கிவிட்டது.

அன்புடன்,
தலைமையாசிரியை