ஈமச்சடங்குத் தொகை இறந்த அன்றே வேண்டும்

முன்னாள் படைவீரர் நலனுக்குப் பொறுப்பான ஒன்றிய, மாநில அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம். படைவீரர் இறந்தால் குடும்பத்துக்குத் தரும் ஈமச்சடங்குத் தொகையை இறந்த அன்றே கொடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இதைத்தான்.

என் சித்தப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்தவர், 1971 போருக்குப் போனவர். போன மாசியில் காலமானார். கொடி போர்த்தவில்லை, குண்டு முழங்கவில்லை என்று நாங்கள் குறைப்படவில்லை. ஃப்ரீசர் பெட்டி, பந்தல், மேளம், வண்டி என்று அன்று மாலைக்குள் எல்லோருக்கும் பணம் எண்ணி வைக்க வேண்டியிருந்தது. சித்தி காதில் கிடந்த தோட்டைக் கழற்றி, அடகு வைத்து வரச் சொல்லி என் கையில் கொடுத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் உங்கள் தொகை வரவில்லை.

மனு கொடுக்கப் போனால், படையிலிருந்து ஓய்வு பெற்றபோது சித்தப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சித்தி பெயரோடு ‘அம்மாள்’ இருக்கிறது, ஆதாரில் இல்லை, இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபியுங்கள் என்றார்கள். பிரமாணப் பத்திரம், வி.ஏ.ஓ. சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. கோப்பு, படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறது என்பதுதான் இன்றுவரை பதில். அதே காரணத்தால் குடும்ப ஓய்வூதியமும் நிற்கிறது. சித்தப்பாவின் ஓய்வூதியத்தை நிறுத்துவதற்கு இறப்புச் சான்று ஒன்றே போதுமாக இருந்தது. அவரோடு ஐம்பது வருடம் வாழ்ந்த சித்தி, தான் அவர் மனைவிதான் என்று படியேறிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது எங்களுக்கு அவமானமாக இருக்கிறது.

எல்லாம் படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இருக்கிறது என்கிறீர்கள். அதற்கு வரும் ஓடிபி, இறந்தவரின் செல்போனுக்குத்தான் போகிறது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய ஊர்களில், வயதான பெண்கள் இந்தத் தளத்தோடு தனியாகப் போராட வேண்டுமா? 1949-லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் படைவீரர் குடும்பங்களுக்காகக் கொடிநாள் வசூல் நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட காசு போடுகிறார்கள். யாருக்காகத் திரட்டுகிறோமோ அவர்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று அடகுக் கடைக்கு ஓடும்படி விடலாமா?

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், சரி. கேட்பது பெரிய காரியம் இல்லை. தகவல் கிடைத்த அன்றே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து தொகையைக் கொடுக்கட்டும். காகிதங்களைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று வாங்கும்போது மனைவியின் பெயரையும் ஆதாரோடு ஒப்பிட்டு, படைவீரர் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள். சித்தியின் கோப்பையும் இந்த மாதத்துக்குள் முடித்துத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின் அண்ணன் மகன்